ரோமின் கதீட்ரல் புனித பேதுரு பேராலயம் அல்ல
புனித பேதுரு பேராலயம்தான் போப்பாண்டவரின் கதீட்ரல், ரோமில் அதைப் பார்த்தாலே போதும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. கதீட்ரல் என்பது அளவை வைத்து வரும் பெயர் அல்ல, ஆயரின் (பிஷப்பின்) இருக்கை உள்ள ஆலயத்துக்குத்தான் அந்தப் பெயர். ரோமின் ஆயர் போப்பாண்டவர், அவருடைய இருக்கை இருப்பது புனித யோவான் இலாத்தரன் பேராலயத்தில். தமிழில் பசிலிக்கா (சிறப்புத் தகுதி பெற்ற ஆலயம்), கதீட்ரல் இரண்டையுமே பேராலயம் என்பதால் குழப்பம் வருவது இயல்புதான் (வேளாங்கண்ணியும் பசிலிக்காதான், அது இருக்கும் தஞ்சை மறைமாவட்டத்தின், அதாவது அந்த ஆயரின் ஆட்சிப் பகுதியின், கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது). சந்தேகம் இருந்தால் கத்தோலிக்க நாட்காட்டியில் நவம்பர் 9 பாருங்கள், இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு (கடவுளுக்கு அர்ப்பணித்த) விழா என்று இருக்கும். நேரில் போனால் முகப்பிலேயே ‘எல்லா ஆலயங்களுக்கும் தாயும் தலைமையும்’ என்ற பொருளில் லத்தீன் கல்வெட்டு இருக்கிறது, அப்புறம் உள்ளே பீடத்துக்குப் பின்னால் அந்த இருக்கையையும் பார்க்கலாம். மெட்ரோ ஏ லைனில் சான் ஜொவான்னி நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.