பாட்டு எழுதியவர் பெயரைச் சொன்னால் என்ன?

காலையில் கல்லூரிப் பேருந்தில் ஏறினதும் ஓட்டுநர் அண்ணன் எஃப்.எம். போட்டுவிடுவார். அரை மணி நேரத்தில் நாலு பாட்டு, இடைவிடாத பேச்சு, நகைக்கடை விளம்பரம், மனை விற்பனை விளம்பரம். நடிகர் பெயர் வரும், இசையமைப்பாளர் பெயரும் எப்போதாவது வரும். பாட்டை எழுதினவர் பெயர் மட்டும் வரவே வராது.

அகில இந்திய வானொலி 1957இல் தொடங்கிய விவித பாரதி ஒலிபரப்பில் படம், பாடியவர், இயற்றியவர், இசை என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவது வழக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் அம்மா, இது கண்ணதாசன், இது வாலி என்று பிரித்துச் சொல்வது அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். நான் மூன்று வருடமாக வெகுசன ஊடகம் படிக்கிறேன். போன மாதம் பேருந்தில் கேட்ட ஒரு வரி மனசை விட்டுப் போகவில்லை. அது யாருடையது என்று கண்டுபிடிக்க ராத்திரி வெகுநேரம் தேடினேன். பாட்டுச் செயலியிலும் பாடகர் பெயர்தான் கண்ணில் படுகிறது.

2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கு ராயல்டியில் பங்கு உண்டு என்கிறது. பணத்தில் பங்குள்ளவருக்குப் பெயரில் பங்கில்லையா? ஐந்து நொடி போதுமே! அதே நகைக்கடை விளம்பரம் மூன்றாவது தடவை வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.