கீதா தத்தின் பாட்டைப் போடுங்கள், ஒப்பாரியை நிறுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் அந்த வீடியோ துண்டு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். "மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க" என்று மேடையிலிருந்து பேச்சாளர் சொன்னாரே, அந்த மேடம் நான்தான். உடனே எழுதினால் கோபத்தில் எழுதியதாகிவிடும் என்று பொறுத்துப் பார்த்தேன். பொறுத்தும் கோபம் அடங்கவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

அழைப்பிதழில் 'கீதா தத் பாடல்கள்' என்று போட்டிருந்தது. பழைய ஹிந்திப் படங்களின் பின்னணிப் பாடகி. ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். கேட்டதெல்லாம் அவர் கணவர், நடிகரும் இயக்குநருமான குரு தத்தின் கல்யாணம், குரு தத்தின் காதல், குரு தத்தின் மரணம். அப்புறம் கீதாவின் குடி, கல்லீரல், 41 வயதில் சாவு. பாட்டு? ஒவ்வொன்றிலும் பல்லவி மட்டும். சரணம் எடுக்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இந்தச் சோகம் எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று மறுபடியும் கதை. ஒரு பாட்டுகூட முழுசாக ஓடவில்லை. ஒன்றுகூட!

நான் எழுந்து கேட்டது ஒரே கேள்வி. 'தோ பாய்' படத்தில் எஸ்.டி. பர்மன் இசையில் வந்த 'மேரா சுந்தர் சப்னா பீத் கயா' 1947-இல் வெளியானது. கீதா பிறந்தது 1930 நவம்பரில். அப்போது அவர் கீதா ராய், பதினாறு வயதுப் பெண். அதற்கு முந்தைய வருஷம்தான் 'பக்த பிரஹ்லாத்' படத்தில் இரண்டு வரி பாடியிருந்தார். குரு தத்தைச் சந்தித்தது அவர் இயக்கிய 'பாஸி' (1951) படக் காலத்தில், கல்யாணம் 1953-இல். அப்படியானால் அழகான கனவு ஒன்று முடிந்துபோன அந்தப் பாட்டின் துயரத்தை எந்தக் கணவன் கொடுத்தான்? இதற்குக் கிடைத்த பதில்தான் உணர்ச்சிவசப்படாதீங்க.

சரி, மறுகோடிக்குப் போவோம். 'அனுபவ்', 1971. கனு ராய் இசை. குரு தத் இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. கீதாவின் உடம்பு கெட்டுவிட்டது. அடுத்த ஜூலையில் அவரும் போய்விடுகிறார். அந்தக் காலத்தில் பாடிய 'மேரி ஜான் முஜே ஜான் ந கஹோ'வைக் கேளுங்கள். வாத்தியங்கள் அடங்கிப் பின்னால் நிற்கின்றன. குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து கொஞ்சுகிறது. செல்லம், குறும்பு, உரிமை, சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிரிப்பு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிற வீட்டின் நெருக்கம். துளி சோகம் கிடையாது.

காதலும் கல்யாணமும் வருமுன்னே துக்கத்தைப் பாடியிருக்கிறார். எல்லாம் போன பிறகு சிருங்காரத்தைப் பாடியிருக்கிறார். இதை வித்தை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வீர்கள்? நான் சொல்வது இது ஒன்றுதான், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: கீதா தத் ஒரு கலைஞர். அவர் பாட்டை அவர் உழைத்துச் செய்தார். அவர் பட்ட துன்பம் அதைச் செய்து கொடுக்கவில்லை.

"வக்த் நே கியா க்யா ஹஸீன் சிதம்... அந்தப் பாட்டை அவர் வாழ்க்கையே பாடியது" என்று உருகினார் பேச்சாளர். கைத்தட்டலும் கிடைத்தது. 'காகஸ் கே பூல்' படத்தில் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். காலியான ஸ்டூடியோ. வி.கே. மூர்த்தியின் ஒளிப்பதிவில் மேலிருந்து சாய்ந்து விழும் அந்த வெளிச்சத் தூண். எட்டி எட்டி நிற்கும் குரு தத், வஹீதா ரெஹ்மான். இருவரும் வாயே அசைப்பதில்லை. கைஃபி ஆஸ்மியின் வரிகளையும் பர்மனின் மெட்டையும் அந்த இருவரின் சொல்லாத மனசையும் ஒரு குரல் மட்டும் தூக்கிச் சுமக்க வேண்டும். கீதா அங்கே அழவில்லை. அடக்கிப் பாடுகிறார். அழுதுகொண்டே பாடினால் சுருதி நிற்காது என்பது நாலு வரி பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு கட்டுப்பாட்டைக் கண்ணீர் என்று எழுதி முடித்துவிட்டால், அந்தக் கட்டுப்பாட்டுக்கு என்ன மரியாதை?

1950-இல் 'ஜோகன்'. நடிகை நர்கிஸுக்காக மீரா பஜன்கள். 'கூங்கட் கே பட் கோல்' கேட்டால் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடுத்த வருஷமே 'பாஸி'யில் 'தத்பீர் சே பிக்டி ஹுயி'. கவிஞர் சாஹிர் கஜலாக எழுதியதை பர்மன் கிளப் பாட்டாக மாற்றினார். அந்தத் துள்ளலுக்குக் குரல் கொடுத்தது நேற்றுவரை மீராவாக இருந்த அதே பெண். 'ப்யாஸா'வில் இன்னும் ஆச்சரியம். ஒரே படம். 'ஜானே க்யா தூ நே கஹீ' இரவுத் தெருவில் ஒருவனைக் கண்ணால் இழுத்துக்கொண்டு போகும் பாட்டு, பாதி சொல்லி பாதி விழுங்கும் குரல். 'ஆஜ் ஸஜன் மோஹே அங் லகா லோ' வங்காளத்து வைஷ்ணவக் கீர்த்தனை. இரண்டும் கீதாதான். இசையமைப்பாளர் ஓ.பி. நய்யருக்குப் பாடிய 'பாபுஜி தீரே சல்னா', ஹெலன் ஆடிய 'மேரா நாம் சின் சின் சூ' பற்றியெல்லாம் தனியாகத்தான் எழுத வேண்டும். இவ்வளவையும் விட்டுவிட்டு மேடையில் மதுப் புட்டியைப் பற்றிப் பேச எப்படி மனசு வந்தது?

"அப்போ வரலாறே பேசக் கூடாதா?" என்பீர்கள். பேசுங்கள். ஐம்பதுகளின் நடுவில் உச்சத்தில் இருந்த பாடகிக்குப் பத்தாண்டு முடிவதற்குள் வாய்ப்பு ஏன் குறைந்தது? அவரை வைத்து எத்தனையோ வெற்றி கண்ட நய்யர் ஏன் ஆஷா போஸ்லே பக்கம் போனார்? இதெல்லாம் தொழில் வரலாறு, கேட்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லையே.

"லதா அளவுக்குப் பயிற்சி கிடையாதே" என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஆரம்பித்தார். லதாவையும் கேட்டு வளர்ந்தவள் நான். ஒருவரை ரசிக்க இன்னொருவரை மட்டம் தட்டத் தேவையில்லை. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

"நீங்க ஏன் இதைச் சொந்த விஷயமா எடுத்துக்கறீங்க?" என்று கேட்ட தோழிக்குச் சொல்கிறேன். ஆமாம், எனக்குச் சொந்த விஷயம்தான். என் பெரியம்மா பம்பாய் மாதுங்காவில் வாழ்ந்தவர். கீதா தத் பாட்டெல்லாம் எனக்கு அவர் போட்ட பிச்சை. விடுமுறைக்குப் போனால் கறிகாய் நறுக்கிக்கொண்டே 'தண்டி ஹவா காலி கட்டா' பாடுவார். ஹிந்தி உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், வளைவு ஒவ்வொன்றும் இடத்தில் விழும். நான் தப்பாகப் பாடினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மூச்சை எங்கடி எடுக்கறே? அவ எங்க எடுக்கறான்னு கேளு" என்பார். எனக்கு வாய்த்த முதல் சங்கீத பாடம் அதுதான்.

பெரியப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பெரியம்மா இறந்தபோது கூடியிருந்த சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொன்னது, "பாவம், என்ன கஷ்டப்பட்டா, என்ன சுகத்தைக் கண்டா." ஒரே ஒருவர், ஒரே ஒருவராவது, "எப்படிப் பாடுவா!" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள். அந்தச் சமையலறைக்கு வெளியே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு கேட்டவர்கள்.

ஆண் பாடகர் குடித்தால் அது ஒரு அடிக்குறிப்பு, பாட்டுதான் கதை. பெண் என்றால் குடி கதையாகிவிடுகிறது, பாட்டு அடிக்குறிப்பு. யாருடைய மனைவி, யார் கைவிட்டார்கள், கடைசியில் எப்படிச் செத்தாள், இவ்வளவுதான் தெரிய வேண்டுமா உங்களுக்கு? இரக்கம் என்கிறீர்கள். அந்த இரக்கத்தில் எனக்கு ஒரு மரியாதையும் தெரியவில்லை. "அவர் நல்ல மனசோடுதான் பேசினார்" என்று எனக்குச் சமாதானம் சொல்ல வந்தவர்களே, நல்ல மனசுக்காரர் ஒரு சரணத்தை முழுசாக ஓட விட்டிருக்கலாமே?

ஏற்பாட்டாளர்கள் போன் செய்தார்கள். வருத்தம் தெரிவித்தார்கள், அடுத்த மாதம் நானே பேச வேண்டும் என்றும் கேட்டார்கள். பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'தோ பாய்' பாட்டில் ஆரம்பித்து 'அனுபவ்' வரை, ஆண்டு வரிசையில், முன்னிசை முதல் கடைசிச் சரணம் வரை வெட்டாமல் போடுங்கள். நடுவில் படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், கவிஞர் பெயர் மட்டும் சொல்லுங்கள். வாசிக்க ஆள் இல்லையென்றால் நானே வந்து வாசிக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.