ஓலை கட்டினால் ஏழை வீட்டுக் கல்யாணமா?

"ரஸ்டிக் தீம்", அதாவது கிராமத்துப் பாணி அலங்காரம் என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, அலங்காரக்காரர்கள் மேடைக்கும் வாசலுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் சொன்னார்கள். தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்த வாரம் அது. சாக்குத் துணி, வெள்ளை அடித்த பழைய மரப்பெட்டி, காய்ந்த புல் கொத்து, பாட்டிலுக்குள் மஞ்சள் பல்பு, இரண்டு கட்டு வைக்கோல். படத்தில் இருந்தது இவ்வளவுதான். வைக்கோலை மதுரையிலிருந்து ஏற்றி வருவார்களாம், வண்டி வாடகை தனி. நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகிற தூரத்தில். வீட்டைச் சுற்றித் தென்னை, தோப்பைத் தாண்டினால் பனை, தெருக்கோடியில் வைக்கோல் படப்பு. அன்று ராத்திரி முழுக்க எனக்குள் ஒரே கேள்விதான். இத்தனையும் நம் கையெட்டும் தூரத்தில் கிடக்க, இதை ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டும்?

ஓலையிலேயே செய்வோம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா சரி என்றார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏத்தா, ஓலைக் குடிசையை விட்டு வெளிய வர எனக்கு நாப்பது வருசம் ஆச்சு. நீ கல்யாணத்தன்னைக்குத் திரும்ப ஓலையைக் கட்டுறியா? சபையில நாலு பேரு என்ன நினைப்பாக?"

இதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த அதே ராத்திரியில்தான் அப்பாவின் வீட்டுக் கூரையும் பறந்தது. ஆறு வயதுப் பிள்ளையாக அப்பத்தாவின் முந்தானைக்குள் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஆள் அவர். வருசா வருசம் மழைக்கு முன்னால் கூரை வேய்வதற்குக் கடன் வாங்கிய ஆளும் அவர்தான். ஓலை என்றால் அவருக்கு ஒழுகுகிற வீடு. நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது அழகாகத் தெரியலாம், அவருக்கு அப்படித் தெரிய வேண்டும் என்று நான் கேட்க முடியாது. ஊர்ப்பக்கத்து வீடுகளில் செயற்கைப் பூவுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்த வலி இருக்கிறது. ஆடம்பரம் என்று அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதனால் அப்பாவிடம் நான் வாதாடவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். "கூரைக்கு வேயுற ஓலை வேற, சபைக்கு முடையுற ஓலை வேறப்பா. அப்பத்தா காலத்துல குருத்தோலைத் தோரணம் இல்லாம ஊர்ல ஒரு நல்ல காரியம் நடந்திருக்கா?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பனையேறும் சித்தப்பாவைக் கூப்பிட்டு, எந்த மரத்தில் எத்தனை குருத்து எடுக்கலாம் என்று அவரேதான் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தக் குருத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் தப்பு செய்வது இங்கேதான். தென்னைக்கும் பனைக்கும் உச்சியில் ஒரே ஒரு வளரும் நுனிதான் உண்டு, அது போனால் மரமே போய்விடும். விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கிற ஓர் ஓலையை மட்டும், அடியில் இருக்கும் நுனி காயப்படாமல் எடுக்கத் தெரிந்தவர்தான் ஏற வேண்டும். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் கேட்கவும் கூடாது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட வேண்டும் என்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசே சொல்லிவிட்டது. ஒரு நாள் தோரணத்துக்காக ஒரு மரத்தைச் சாகடித்தால் அந்தக் கல்யாணம் எனக்குச் சிக்கனமாகத் தெரியாது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் ஆறு பெண்கள் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். எல்லாரும் ஓலை முடைகிறவர்கள். மூத்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும், அவரை ஊரே பெரியாத்தா என்றுதான் கூப்பிடும். தென்னங்குருத்தை ஈரச் சாக்குக்குள் சுருட்டி வைத்திருந்தார். வெளியே எடுத்தால் வெண்ணெய் நிறம், தொட்டால் நனைந்த துணி மாதிரி ஒரு குளிர்ச்சி. ஒரு கீற்றைக் கிழித்து, பெருவிரல் நகத்தால் ஈர்க்கை ஒரே இழுப்பில் உருவினார். இரண்டு கீற்றையும் குறுக்கே போட்டு மடக்கினார், திருப்பினார், ஒரு முனையை உள்ளே செருகினார், மறுமுனையை நீளமாக வெளியே விட்டார். கிளி. வாலை மட்டும் நகத்தால் நாலாகக் கீறிவிட்டார். நான் மூச்சு விட்டு எடுப்பதற்குள் அது முடிந்துவிட்டது. "சாயங்காலம் கட்டணும்த்தா, காலையில வெயிலு பட்டா சுருண்டுரும்" என்றார். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் தோரணத்தைக் கிழக்கு வாசலில் கட்டாமல், நிழல் விழுகிற பக்கமாகவே கட்டினோம். விடியற்காலையில் ஒரு தடவை தண்ணீர் தெளித்தோம். மத்தியானப் பந்தி முடிகிற வரைக்கும் கிளிகள் நிறம் மாறவே இல்லை.

அப்புறம் காற்று. வைகாசியில் இங்கே கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். இரண்டு வருசத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், மேடைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்த அலங்காரத் திரை சட்டத்தோடு சாய்ந்து பெண்ணின் அத்தை தோளில் விழுந்தது. அழகாகச் செய்திருந்தார்கள், ஆனால் இந்தக் காற்றைப் பார்த்திராத ஆட்கள். எங்கள் பந்தல்காரர் சொன்னது எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது: "காத்தைத் தடுத்தா கவுத்துரும், வழி விட்டா போயிரும்." அதனால் பின்திரையாக ஓலைத் தட்டிகளை இடைவெளி விட்டு நிறுத்தினோம். அதன் மேல் மாமாவின் பழைய வலை ஒன்றை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையும் சும்மா கிடந்தது, கட்டுவதற்கு ஆளும் இருந்தது. நல்ல தண்ணீரில் அலசி மூன்று நாள் வெயிலில் போட்ட பிறகு வாடை போய்விட்டது. ஒரு கண்ணிகூட வெட்டாமல் கட்டி, கல்யாணம் முடிந்ததும் முழுசாகத் திருப்பிக் கொடுத்தோம். அலங்காரத்துக்கென்று வலையைத் துண்டு துண்டாக நறுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு. நைலான் துண்டு கடைசியில் கடலுக்குத்தான் போகும், ஆமை கழுத்தில்தான் சுற்றும்.

பெயர்ப் பலகைக்கு வழக்கம்போல் தெர்மாகோல் என்றார்கள். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவதை நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதலே தடை செய்திருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நாங்கள் சின்னச் சுளகுகள் வாங்கி, ஒரு சுளகுக்கு ஓர் எழுத்தாகக் காவியிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டோம். வந்தவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தச் சுளகுகள் சொந்தக்காரர்கள் வீட்டு அடுக்களையில் அரிசி புடைக்கின்றன.

கடற்கரைக் கல்யாணம் என்றால் சிப்பியும் பவளப்பாறைத் துண்டும் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டு இளசுகள் ஆசைப்பட்டார்கள். இதற்கு மட்டும் நான் கறாராக மாட்டேன் என்றேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைதான் மீனுக்குத் தொட்டில், கரைக்குச் சுவர். பவளப்பாறைகளும் கடல் விசிறியும் 2001-லிருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் எடுக்கக் கூடாது. சங்கு, சிப்பியிலும் சில வகைகள் சட்டத்துக்குள் வருகின்றன. எது வரும், எது வராது என்று தெரியாதவர்கள் கை வைக்காமல் இருப்பதே நல்லது. அதற்குப் பதிலாக நுழைவில் நுங்குக்குலையும் இளநீர்க்குலையும் தொங்கின. வைகாசி நுங்குக் காலம். கறுத்துப் பளபளக்கிற காய்களுக்கு நடுவில் வெளுத்த குருத்தோலை, இரண்டு பக்கமும் தார் தள்ளிய வாழை. இதைவிட என்ன வேண்டும்? மதியம் குலைகளை இறக்கிப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டோம்.

நெருப்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமணத்தில் ஓலைப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓலை வேண்டும் என்று சொல்கிற யாருக்கும் அந்த நினைப்பு இருந்தே ஆக வேண்டும். தலைக்கு மேலே காவோலை, அதாவது காய்ந்த ஓலை போடவே கூடாது என்று முடிவு செய்து, நிழலுக்குப் பருத்தித் துணிதான் கட்டினோம். ஓலை எல்லாம் பக்கவாட்டிலும் வாசலிலும் மட்டும், அதுவும் பச்சை. அடுப்பு நாற்பதடி தள்ளி. விளக்கு வயர் எதுவும் ஓலையைத் தொடவில்லை, ஓமத்துக்கு மேலே வெறும் வானம். இரண்டு பக்கமும் நாலு குடம் தண்ணீரும் மணல் வாளியும் வைத்திருந்தோம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். முடைந்த ஆறு பேருக்கும் இரண்டு நாளுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 700 வீதம் 8,400. மரம் ஏறிய கூலி 1,500. குருத்துக்குத் தோப்புக்காரருக்கு 1,500, வாழை 1,200, குலைகள் 1,600, பூவுக்கும் மல்லிகை நாற்றுக்கும் 4,500, விளக்கு வாடகை 2,500. ஆக 21,200 ரூபாய். இதில் நாற்று என்பது தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று. முகூர்த்த நாளில் பூ விலை ஏறும், மேடை முழுக்கப் பூச்சரம் கட்டினால் தாங்காது. நடைவழி ஓரமாக நாற்றுப் பைகளை வரிசையாக வைத்து, போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துப் போகச் சொன்னோம்.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது மொத்தத் தொகை குறைந்தது இல்லை. 21,200-இல் கிட்டத்தட்டப் பாதி எங்கள் ஊர் ஆட்களின் கைக்குப் போனது. சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கூலியில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. "ஓலைதானே, சும்மா கிடைக்கிறதுதானே" என்கிறார்கள். ஓலை சும்மா கிடைக்கலாம், பெரியாத்தாவின் விரல் சும்மா கிடைக்காது. அவருக்குப் பிறகு அந்தக் கிளியை மடக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர். வாடகைப் பெட்டிக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, முடைகிறவரிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வது நியாயமே கிடையாது.

பண்டிகைக்கும் இதே கதைதான். பாம்பன் பக்கத்தில் என் தோழி வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருசா வருசம் கடையில் பிளாஸ்டிக் புல் வாங்குவார்கள். போன வருசம் வைக்கோல், பனைமட்டை, பன்னாடை, கடற்கரை மணல், இவ்வளவை வைத்தே கட்டினார்கள். மாட்டுத் தொழுவம் தொழுவம் மாதிரியே இருந்தது. நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பும் கலர்த் தாளும். குருத்தோலை ஞாயிறு என்றே ஒரு நாளைக் கொண்டாடுகிற ஊர்கள் இவை, அங்கே பிள்ளைகள் கையில் ஓலைச் சிலுவை மடக்கத் தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கு வாசலில் கரும்பு, மஞ்சள்கொத்து, பனங்கிழங்குக் கட்டு. அவற்றுக்கு மேல் பளபளத் தாள் எதற்கு? மாக்கோலமும் காவியும் போட்டால் போதும்.

தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாம்பூலத்துக்கு ஓலைக் கொட்டான் (சின்ன ஓலைக்கூடை) கொடுக்க நினைத்தால் புரட்டாசிக்குள் சொல்லிவிடுங்கள். பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, சாயம் போட்டு, மறுபடி காயவைத்துத்தான் முடைய முடியும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஓலை பூசணம் பிடித்துவிடும். தோரணத்துக்கு அந்தக் கவலை இல்லை, பத்து நாள் முன்னால் சொன்னால் போதும். முன்பணம் பாதியாவது கொடுத்துவிடுங்கள். உச்சிப்புளி, மண்டபம் சுற்று ஊர்க்காரர்கள் யாருக்காவது ஆள் வேண்டும் என்றால் உள்பெட்டியில் கேளுங்கள், பெரியாத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன். ஆடியிலிருந்து அவரிடம் இரண்டு சின்னப் பெண்கள் மடக்கப் பழகுகிறார்கள். ஒருத்தி என் தங்கை.