தஞ்சாவூருக்கு அரை நாள் போதும், ஏழு இடம் வேண்டாம்

தஞ்சாவூர் அரை நாள் சுற்றுலா என்று விற்கிற பட்டியல்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வரிசைதான். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், மணிக்கூண்டு, சிவகங்கைப் பூங்கா, சுவார்ட்ஸ் தேவாலயம், கடைசியில் ஓர் ஓவியக் கடை. நாலு மணி நேரத்தில் ஏழு இடம். வண்டியில் ஏறி இறங்க, செருப்பை விட்டு வாங்க, டிக்கெட் எடுக்க, காணாமல் போன சித்தப்பாவைத் தேட என்று இடத்துக்குக் கால் மணி நேரம் வைத்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் அதிலேயே காலி. மிச்சத்தை ஏழால் வகுத்தால் இடத்துக்கு இருபது நிமிடம்கூடத் தேறாது. அந்த இருபது நிமிடத்திலும் பாதி செல்ஃபிக்குப் போய்விடும்.

அரை நாள் குறைவான நேரம் இல்லை. இரண்டே இடம் என்று முடிவு செய்தால் தாராளமான நேரம். 1010-இல் முடிந்த கோயில் ஒன்று, 1011-இல் வார்த்த செப்புத் திருமேனி ஒன்று. முதலாவது பெரிய கோயில். இரண்டாவது அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன். இரண்டுக்கும் நடுவே ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. மற்றதெல்லாம் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், சுற்றுலா கெடுவதே அங்கேதான். வழக்கமாக நடப்பது இது: விடுதியில் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்புவார்கள், பத்து மணிக்குக் கோயில். பதினொன்றுக்குள் முற்றத்துக் கல்தளம் காய்ந்து, வெறுங்காலில் நிற்க முடியாது. வழிகாட்டி கல்வெட்டைக் காட்டிக்கொண்டிருப்பார், கூட்டமோ நிழல் தேடி முற்றத்தைச் சுற்றிய திருச்சுற்று மாளிகைக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவரும் மனிதர்தானே, ஒரு மணி நேரத்துக்கு வைத்திருந்ததைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் திறக்க மாலை நாலு ஆகும். அரண்மனைக்கு ஓடினால் கலைக்கூடத்தில் ஒரு மணி வாக்கில் மதிய இடைவேளை. ஆக இரண்டும் அரைகுறை.

காலை ஆறரைக்குக் கோயில் வாசலில் நில்லுங்கள். தளம் குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது. விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம், கிழக்கு நோக்கியது என்பதால் முகப்பில் நேர் வெளிச்சம் விழும். தெற்குச் சுவரில் வெயில் பக்கவாட்டில் படும்போது எழுத்துப் பள்ளங்களில் நிழல் தங்கி, கல்வெட்டு துலக்கமாகத் தெரியும். ஒன்பது வரை அங்கே. பிறகு சிற்றுண்டி. ஒன்பதே முக்காலுக்கு அரண்மனை. பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிடும். கோடையில் போகிறவர்கள் பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை உள்ளே கொண்டுபோக முடியாது.

பிரதோஷ மாலை, ஐப்பசி சதய விழா நாட்கள், மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கறி அலங்காரம் செய்யும் நேரம் எல்லாம் கும்பிடப் போகிறவர்களுக்கு நல்ல நாட்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய நாட்களும் அவைதான்.

அடுத்தது வழிகாட்டி. வாசலில் வந்து பேசுபவரிடம் முதலில் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அட்டை உள்ளவர் சந்தோஷமாகக் காட்டுவார். உள்ளே போகும் முன்பே நாலு விஷயம் பேசி முடிக்க வேண்டும்: தொகை எவ்வளவு, அது ஆளுக்கா குழுவுக்கா, எத்தனை மணி நேரம், கடைக்குக் கூட்டிப் போவது உண்டா இல்லையா. கடைசிக் கேள்விக்குத்தான் பலர் கூச்சப்படுகிறார்கள். ஓவியக் கடையில் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. அது அவர் பிழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடம் உங்கள் நான்கு மணி நேரத்திலிருந்துதான் போகிறது. “கடை வேண்டாம், அதற்குப் பதிலாக நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறோம்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஓவியம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் காந்திஜி சாலையில் பூம்புகார் என்ற அரசுக் கைவினைக் கடையில் விலையைப் பார்த்துவிட்டு மற்ற கடைகளுக்குப் போவது நல்லது. குழுவில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வழிகாட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது, கேட்காதவர்கள் பேச ஆரம்பிப்பார்கள், அப்புறம் முன்வரிசைக்கும் கேட்காது.

நல்ல வழிகாட்டியா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கோபுர நிழல் தரையில் விழாது என்று அவர் ஆரம்பித்தால் கொஞ்சம் சுதாரித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு விமானத்துக்கு மேற்கே போய் நின்றால் நீங்கள் நிற்பதே அந்த நிழலில்தான். தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகையில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவாக்கிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும், நேர் உச்சிக்கு வரும். அந்த நண்பகலில் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அன்றைக்குத் தெருவிளக்குக் கம்பத்துக்கும் அதே கதைதான். டிசம்பர் நண்பகலிலோ விமான உச்சியின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி வடக்கே எண்பது அடிக்குக் குறையாமல் போய் விழும்.

அடுத்து, விமான உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்ற கதை. உச்சியிலுள்ள சிகரம் ஒரே கல் இல்லை, பல துண்டுகள் சேர்ந்தது என்று கட்டடக் கலை ஆய்வாளர்கள் அளந்தே காட்டிவிட்டார்கள். இந்தக் கோயிலில் எடை பற்றிப் பேச விரும்பினால் கல்வெட்டிலேயே இருக்கிறது. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் அந்தக் கால எடை அளவுகள்). அரைக் கழஞ்சைக்கூட விடாமல் கல்லில் வெட்டிவைத்த மனிதர் கட்டிய இடத்தில் நின்றுகொண்டு வாய்க்கு வந்த டன் கணக்கைச் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

விமானத்தின் வடபுறம் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் வரப்போவதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்து ராஜராஜன் வைத்தான் என்பார்கள். பிற்காலத் திருப்பணியில் சேர்ந்தது என்ற விளக்கமே ஏற்கும்படி இருக்கிறது. பெரிய நந்தியும் முருகன் சன்னதியும்கூட நாயக்கர் காலத்தவை, அம்மன் சன்னதி 13-ஆம் நூற்றாண்டு. “எல்லாமே ராஜராஜன்” என்று ஒரே மூச்சில் சொல்பவரிடம் மெதுவாக இதைக் கேட்டுப் பாருங்கள்.

இதைக் கட்டியவர் யார் என்பதே ஊரில் மறந்துபோயிருந்த காலம் ஒன்று இருந்தது. கரிகாலன் கட்டினான் என்றுதான் தலபுராணம் சொல்லி வந்தது. 1880-களில் ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கோயிலில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் உயரம் இல்லை, எழுத்து.

எழுத்தைப் படிக்க முடியாதே என்று பயப்பட வேண்டாம். பத்து நிமிடப் பயிற்சி போதும். “ஸ்வஸ்திஸ்ரீ” என்ற தொடக்கத்தைக் கிரந்த எழுத்தில் (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) அடையாளம் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் வருவது தமிழ். அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு க, ட, ப, ம, ய, ன என்று தேடினால் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டுக என்று அரசன் சொன்ன வரி இங்கேதான் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. கொடுத்தவர் எல்லோர் பெயரும் தன் பெயரோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆணை அது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேரின் பட்டியலும் உண்டு: எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கதவிலக்கம் போட்ட குடியிருப்புப் பதிவேடு மாதிரி இருக்கும்.

நடக்கும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். கேரளாந்தகன் வாசல் தாண்டி ராஜராஜன் வாசலுக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் விமானத்துக்குப் போய்விடும். அங்கேயே நின்று தலையைக் குனியுங்கள். வாசலின் அடித்தளத்தில் மார்க்கண்டேயன், கண்ணப்பர் கதைகள் சிறிய புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. பிறகு வாயிற்காவலர் பக்கம் வாருங்கள். காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை அவ்வளவு சிறிது, அதை விழுங்கும் பாம்பு அவ்வளவு பெரிது, அந்தப் பாம்பே காவலரின் காலடியில். அப்படியென்றால் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று சிற்பி நம்மையே கணக்குப் போடவைக்கிறார். இதைச் சொல்லிக் காட்டத்தான் வழிகாட்டி வேண்டும். உயரத்தைச் சொல்ல ஒரு பலகை போதும்.

கருவறையைச் சுற்றிய உட்பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் அவை மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மேல்தளத்தில் கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளில் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன, மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. இரண்டு பாதைகளும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. “ஆளைத் தெரியும், உள்ளே விட்டுவிடுவேன்” என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஓவியங்களின் பெரிய ஒளிப்படங்கள் கோயில் வளாகத்துக் கண்காட்சியில் இருக்கின்றன. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சியை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போது அரண்மனை. நுழைவுச்சீட்டு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்வார்கள், கேமராவுக்கும் தனி. எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை, கலைக்கூடத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். உள்ளே போனதும் முதல் அறையிலேயே ஒவ்வொரு சிலையாகப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள், களைத்துப்போவீர்கள். நேராக ரிஷபவாகனர் முன்னால் போய் நில்லுங்கள். 1950-களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். பெரிய கோயில் முடிந்த அடுத்த ஆண்டு வார்த்தது, பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கும் அடுத்த ஆண்டு. காளையின் மேல் சாய்ந்த கை, காளை இல்லாமல் காற்றில் நிற்கிறது. ஆனாலும் அந்தச் சாய்வு குறையவில்லை. இடுப்பையும் ஒரு காலைக் குறுக்கே வைத்த நிற்பையும் பார்த்தால் அங்கே காளை இருக்கிறது என்றே தோன்றும். ஒரு பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பின்புறம் போக வழி இருந்தால் போய், தலைப்பாகை போலச் சுற்றிய சடையைப் பாருங்கள். காலையில் மலை போன்ற கல், இப்போது மனித உயரத்துக்கும் குறைவான செம்பு. இரண்டும் ஒரே அரசனின் காலம்.

சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் பத்து மணி வாக்கில் திறக்கும். புதன்கிழமை விடுமுறை, அரசு விடுமுறை நாட்களிலும் திறக்காது. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்தவற்றிலிருந்து கொஞ்சத்தைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அரை மணி நேரம் போதும். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்களைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். சீனத் தண்டனைப் படங்களை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் தாண்டிவிடுங்கள். அரண்மனையின் மாட மாளிகையில் ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம், படிகள் குறுகல்.

சிவகங்கைப் பூங்காவைத் தாராளமாக விடலாம். அதையொட்டி இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயம் 1779-இல் கட்டியது. திறந்திருந்தால் பத்து நிமிடம் கொடுங்கள், பாதிரியார் சுவார்ட்ஸின் மரணப் படுக்கை அருகே சரபோஜி நிற்கும் பளிங்குச் சிற்பம் ஒன்றுக்காகவே.

காலையில் வர முடியாதவர்கள் வரிசையைத் தலைகீழாக்குங்கள். மூன்று மணிக்குக் கலைக்கூடம், நாலரைக்குக் கோயில். முகப்பு நிழலில் இருக்கும், கல்வெட்டு வாசிப்பும் பாதிதான் நடக்கும். அதற்கு ஈடாக மேற்கு முற்றத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், சாயங்கால வெயில் விமானத்தின் பின்பக்கம் முழுக்க விழுந்திருக்கும். காலையில் வந்தவர்களுக்கு அது கிடைக்காது.