எண்ணெய்க் குழாய்க்கு அனுமதி: 21 நாளில் முடிந்துபோகிற விஷயம்

வயலில் அளவுக்கல் ஊன்றிய பிறகு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு ஓடுவது நம் மதுரைப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. எண்ணெய்க் குழாய் விஷயத்தில் அந்த மனுவால் பெரிதாக எதுவும் நடக்காது. பெட்ரோலியம் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 53ஆவது இனம். குழாய் போக நிலத்தின் பயன்பாட்டு உரிமையை எடுப்பதற்கென்றே 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அறிவிக்கை டெல்லி அரசிதழில் வருகிறது, முடிவும் அங்கேதான் எடுக்கப்படுகிறது. இது புரியாமல் உள்ளூரில் எத்தனை சாலை மறியல் நடத்தினாலும் கடைசியில் விவசாயிதான் நஷ்டப்படுகிறான்.

"அரிட்டாபட்டியில் ஜெயித்தோமே?" என்று மேலூர்ப் பக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரிட்டாபட்டியையும் சேர்த்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் திரண்டது முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டத்திலும் ஒரு பிடி இருந்தது. ஏலத்தை மத்திய அரசு நடத்தினாலும் சுரங்கக் குத்தகையில் மாநில அரசு கையெழுத்துப் போட வேண்டும். குழாய்க்கு அப்படி ஒரு கையெழுத்து தேவையில்லை.

கொங்கு மாவட்டங்களில் இது நிரூபணமாகிவிட்டது. மத்திய அரசு நிறுவனமான கெயில், கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போட நினைத்த எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்ட விவசாய நிலங்களில் திட்டமிடப்பட்டது. 2013இல் ஜெயலலிதா அரசு வேலையை நிறுத்தச் சொன்னது, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஒரு மாநில அரசே முழு பலத்தோடு நின்றும் தடுக்க முடியவில்லை என்றால், கிராம சபைத் தீர்மானத்தை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து. தீர்மானம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சட்டப்படியான ஆட்சேபணை ஆகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஏன் நடப்பதில்லை என்றும் பலர் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் 6(அ) என்ற இனத்தில் வருகின்றன. தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் முக்கியத்துவமுள்ள பகுதி இவற்றின் வழியாகப் போனால்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். திருமங்கலம் கரிசலும் உசிலம்பட்டி மல்லிகைத் தோட்டமும் அந்த வகையில் சேராது. கருத்துக் கேட்பு அந்த அனுமதியின் ஒரு பகுதி. அதனால் மேடை போட்டு மைக் கொடுத்துக் கேட்க வேண்டிய கடமையே யாருக்கும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விதிகளில் இருக்கும் மிகப் பெரிய அநியாயம் இதுதான்.

மிச்சம் இருப்பது 21 நாள். 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1) பிரிவு அறிவிக்கை அரசிதழில் வந்து, அதன் பிரதி மக்கள் பார்வைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள், 5ஆம் பிரிவின்படி தகுதிவாய்ந்த அதிகாரிக்கு (இந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி) எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். நேரிலோ வக்கீல் மூலமோ விசாரணைக்குப் போகவும் உரிமை உண்டு. இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஊரே சேர்ந்து "எங்களுக்குத் திட்டமே வேண்டாம்" என்று ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை ஒரு வரியில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக எழுத வேண்டும். புல எண், உட்பிரிவு, கிணறு, போர், மோட்டார் ரூம், சொட்டுநீர்க் குழாய் போகும் தடம் எல்லாம் அதில் வர வேண்டும். புலப்பட வரைபடத்தில் போர்வெல் இருக்காது. அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். பட்டா, அடங்கல் நகல், தேதியுள்ள போட்டோ சேர்த்துப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

7ஆம் பிரிவு நமக்குச் சாதகமானது, பலருக்குத் தெரியாதது. குடியிருப்பாகப் பயன்படும் இடம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், வீட்டை ஒட்டிய நிலம் இவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் போடக் கூடாது. ஆனால் அறிவிக்கைத் தேதிக்கு முன்பே அந்த வீடும் கட்டடமும் இருந்திருக்க வேண்டும். கேள்விப்பட்டு அவசரமாகச் சுவர் எழுப்பினால் செல்லாது. தடத்தை வயலின் நடுவிலிருந்து வரப்போரத்துக்குத் தள்ளச் சொல்வதானால், கொடி நட்டு அளக்கும் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு அடுத்த புல எண்ணுக்கு மாற்றினால் அதற்குப் புதிய அறிவிக்கை போட வேண்டும், அதனால் யாரும் அசைய மாட்டார்கள்.

அடுத்தது பணம். நிலத்தை அவர்கள் வாங்குவதில்லை, பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். அதற்கு 10(4) பிரிவு தருவது சந்தை மதிப்பில் வெறும் 10 சதவீதம். 20 மீட்டர் அகலத்தில் 100 மீட்டர் நீளம் போனால் கிட்டத்தட்ட அரை ஏக்கர். வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 8 லட்சம் என்று வையுங்கள், கையில் வருவது 40,000 ரூபாய். அதே நிலம் வெளியில் ஏக்கர் 40 லட்சத்துக்குப் போனால் 2 லட்சம் வந்திருக்க வேண்டும். "சந்தை மதிப்பு" என்று சட்டம் சொன்னாலும் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பையே எடுத்துக்கொள்கிறார்கள். ஏற்க முடியாவிட்டால் 10(2) பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம். பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திர நகல்தான் அங்கே பேசும். இந்தப் பணத்துக்கு ஈடாக அந்தத் துண்டில் இனி கட்டடம் கட்ட முடியாது, கிணறோ குளமோ வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. தென்னந்தோப்பு நடுவே போனால் அந்தப் பட்டை காலத்துக்கும் வெறும் தரைதான்.

மல்லிகைக்கு ஒரு தனிக் குறிப்பு. சட்டம் தடுப்பது மரத்தை. மல்லிகை புதர்ச்செடி, திரும்ப நடலாம் என்று தகுதிவாய்ந்த அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயிர் இழப்பையும் ஒரு போக நெல் மாதிரி கணக்குப் போட விடாதீர்கள். புதிதாக நட்ட மல்லிகை முழு விளைச்சலுக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும், அத்தனை வருஷ வருமானத்தையும் கேட்க வேண்டும்.

தோண்டும்போது நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். மேல்மண் ஓர் அடியைத் தனியாக வழித்து ஒதுக்கி, கடைசியில் அதையே மேலே பரப்ப வேண்டும். அவசரத்தில் அடியில் கிடக்கும் சுக்கான் கல்லையும் கரிசலையும் கலந்து தள்ளிவிட்டால் அந்தப் பட்டையில் பல போகத்துக்குப் பயிர் தலை தூக்காது. மூடிய பள்ளம் முதல் பெருமழையில் அமுங்கும், பாய்ச்சுகிற தண்ணீர் எல்லாம் அங்கேயே போய் இறங்கும். கண்மாய்க் கரையை வெட்டிக் குழாய் பதிக்கும் இடத்தில் இது வெறும் பயிர்ப் பிரச்சினை இல்லை. அரை அடிக்கு ஓர் அடுக்காகக் களிமண் போட்டுத் திமிசால் இடித்து இறுக்காவிட்டால், நீர் குழாயை ஒட்டியே கசிந்து மண்ணை அரித்துக் கரையை உடைக்கும். கரையைத் தொடாமல் அடியில் துளையிட்டு இழுக்கும் முறை இருக்கிறது, செலவு அதிகம். கண்மாயைக் கடக்கும் அனுமதியைத் தருவது மாநில நீர்வளத் துறை. நிபந்தனையாக இதை எழுதுவதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

மாநிலம் தடுக்க முடியாது, நிபந்தனையை உயர்த்த முடியும். கேரளத்தில் கெயில் குழாயை எதிர்த்து முக்கத்தில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2017இல் அரசு இழப்பீட்டை உயர்த்தியது. 10 சென்ட்டும் அதற்குக் கீழும் வைத்திருப்பவர்களுக்கு வீடு கட்ட இடம் விட்டு, உரிமைப் பட்டையை 2 மீட்டராகச் சுருக்கி, 5 லட்சம் உதவித்தொகையும் அறிவித்தது. நாம் மூன்று வருஷம் கோர்ட்டில் நின்று வெறுங்கையோடு திரும்பினோம்.

நான் குழாய்க்கு எதிரி இல்லை. கப்பலூர் முனையத்துக்குச் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் குழாயில்தான் பெட்ரோலும் டீசலும் வருகிறது. அது இல்லாவிட்டால் அத்தனையும் டேங்கர் லாரியில் நான்குவழிச் சாலையில்தான் வரவேண்டும். எண்ணெய்க் குழாய் கசிந்தால் நிலத்தடி நீர் கெடும் என்பதும் உண்மை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. அதனால்தான் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

6(அ) இனத்தில் விவசாய நிலத்தையும் கண்மாயையும் சேர்ப்பது, 10(4) பிரிவில் உள்ள 10 சதவீதத்தை உயர்த்துவது, 21 நாளை 60 நாளாக்கித் தமிழில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பது. இவை மூன்றும் டெல்லியில் நடக்க வேண்டியவை. மேலூர்க்காரர்கள் மதுரை எம்பியிடமும், திருமங்கலம், திருப்பரங்குன்றம் ஆட்கள் விருதுநகர் எம்பியிடமும், உசிலம்பட்டி, சோழவந்தான் ஆட்கள் தேனி எம்பியிடமும் இதை எழுத்தில் கொடுங்கள். எம்எல்ஏவிடம் கேட்க வேண்டியது கண்மாய்க் கரை நிபந்தனையும் கேரளம் கொடுத்த மாதிரி கூடுதல் தொகையும்.