‘வெறும் தூசியா?’ என்று சிரித்தவர்களுக்கு

டேபியின் விண்மீன் என்று ஒன்று, அதன் ஒளி அவ்வப்போது விசித்திரமாக மங்குகிறது. அதைப் பற்றிய காணொளி ஒன்றின் கீழே நடந்தது இது. அந்த விண்மீனைச் சுற்றி வேற்றுக்கிரகவாசிகள் கோட்டை கட்டியிருக்கிறார்களாம், அதுதான் ஒளியை மறைக்கிறதாம், விஞ்ஞானிகள் அதை மறைக்கிறார்களாம். மறைப்பது தூசி என்று 2018-லேயே ஆய்வு வந்துவிட்டதே என்று நான்கு வரி எழுதினேன். வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். “வெறும் தூசிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்றார் ஒருவர். காணொளிக்காரர் அதற்கு இதயம் வைத்தார். வைக்கட்டும், அவர் பக்கம், அவர் இதயம்.

வெறும் தூசி இல்லை ஐயா. அளந்து கண்ட தூசி.

டேபியின் விண்மீன் ஏறத்தாழ 1,470 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வியாழன் அளவுள்ள கோள் ஒன்று குறுக்கே போனாலும் அதன் ஒளி ஒரு சதவீதம்கூடக் குறையாது. கெப்லர் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோதோ 22 சதவீதம் வரை மங்கியது, அதுவும் எந்தக் கால ஒழுங்கும் இல்லாமல். விசித்திரம்தான், யார் மறுத்தார்கள்?

அதன்பிறகு என்ன செய்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. 2016-ல் வானியலாளர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி, லாஸ் கும்ப்ரெஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கிகளில் நேரம் வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். 2017 மே மாதம் மறுபடி மங்கியதும் பல நிறங்களில் அளந்தார்கள். திடமான சுவர் மறைத்தால் நீலமும் சிவப்பும் ஒரே அளவில் குறைய வேண்டும். நீலம் அதிகமாகக் குறைந்தது. நுண்ணிய துகள்கள்தான் ஒளியை அப்படி வடிகட்டும். கோட்டை அங்கேயே இடிந்தது. அளந்து கண்ட தூசி என்று நான் சொல்வது இதைத்தான்.

“வேற்றுக்கிரகவாசிகளைத் தேடினார்களா?” தேடினார்கள். 2015-ல் ஆலன் என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பு, சமிக்ஞை ஏதும் வருகிறதா என்று அந்தத் திசையில் காது கொடுத்துக் கேட்டது. ஒன்றும் வரவில்லை. “அந்தத் தூசி எங்கிருந்து வந்தது?” நல்ல கேள்வி. வால்மீன்களா, சிதைந்த துணைக்கோளா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் சிரித்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியபோது, மொட்டை மாடியில் நின்று அதைப் பக்கத்து விண்மீனான பெல்லாட்ரிக்ஸோடு ஒப்பிட்டுக் குறித்து வந்தேன். பிப்ரவரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம். திருவாதிரையைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் அந்த அதிர்ச்சி புரியும். உறவினர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் “வெடிக்குமா?” என்று கேட்பார். ஒளி திரும்பி வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். 2021-ல் காரணம் வெளியானது: விண்மீன் உமிழ்ந்த வாயு, மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததால், நமக்கு நேராகத் தூசியாக உறைந்திருந்தது. ஆசையோடு போய்ச் சொன்னேன். “தூசியா?” என்றார். அதே தொனி. தூசி என்றால் ஏன் எல்லோருக்கும் இப்படி முகம் சுருங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நாம் நிற்கும் இந்தப் பூமியே அப்படிப்பட்ட தூசி திரண்டு உருவானதுதானே?

இனி, அதே காணொளியின் கீழே “நீ எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்டவருக்கு. எதுவும் இல்லை. அல்கோல் விண்மீன் 2.87 நாளுக்கு ஒருமுறை மங்குவதை அளந்து, இருண்ட பொருளொன்று அதைச் சுற்றி வந்து மறைக்கலாம் என்று 1783-ல் சொன்ன ஜான் குட்ரிக்குக்கு அப்போது வயது 18. காது கேளாதவர். டேபியின் விண்மீனில் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தவர்கள், கெப்லர் தரவில் பொதுமக்களே கோள் தேடும் ‘பிளானட் ஹன்டர்ஸ்’ திட்டத்தின் தன்னார்வலர்கள். 2021-ல் இன்னொரு விண்மீன் மங்கியபோது, அதற்கு இரண்டரை ஆண்டு முன்பே அது அகச்சிவப்பில் பிரகாசமானதைச் சமூக ஊடகத்தில் சுட்டிக்காட்டியவரும் ஓர் ஆர்வலரே. அதைப் படித்த வானியலாளர்கள் எமோஜி போடவில்லை, தரவைத் தோண்டினார்கள். இரண்டு பெருங்கோள்கள் மோதியிருக்கலாம் என்ற ஆய்வு 2023-ல் நேச்சர் இதழில் வந்தது. ஆசிரியர் பட்டியலில் அந்த ஆர்வலர் பெயரும் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.