எத்தனை பேரில் ஒருவருக்கு?

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நீட்டும் வழவழப்பான தாளில் கொட்டை எழுத்தில் ஏதோ ஒரு சதவீதக் கணக்கு இருக்கும். அது எதன் சதவீதம் என்று கேட்கும் மருத்துவர்கள் என் வட்டத்தில் குறைவு. கேட்டால் பிரதிநிதி திணறுவார். பாவம், அவருக்குச் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.

கொழுப்பைக் குறைக்கும் பிராவஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றி 1995இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகமுள்ள, அதுவரை மாரடைப்பு வராத நடுவயது ஆண்கள். மாரடைப்பும் இதய நோய் மரணமும் 31 சதவீதம் குறைந்தன. உண்மைதான். கட்டுரையின் உள்ளே போனால், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் போலி மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) சாப்பிட்டவர்களில் 100க்கு 7.9 பேருக்கு அந்தப் பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 5.5 பேருக்கு. வித்தியாசம் 2.4. அந்த 7.9இல் இந்த 2.4 எத்தனை சதவீதம் என்பதுதான், ஏறத்தாழ, கொட்டை எழுத்து 31. அதாவது, நாற்பதுக்குச் சற்று அதிகமானோர் ஐந்து ஆண்டுகள் மாத்திரை விழுங்கினால் ஒருவர் தப்புகிறார். நல்ல மருந்துதான், நானும் எழுதுகிறேன். ஆனால் 31ஐ மட்டும் கேட்ட நோயாளியும் 2.4ஐயும் சேர்த்துக் கேட்ட நோயாளியும் ஒரே முடிவெடுக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி, ஆய்வில் எதை எண்ணினார்கள் என்பது. மாரடைப்புக்குப் பின் இதயம் இடையிடையே தாறுமாறாகத் துடித்தால் திடீர் மரண ஆபத்து அதிகம். அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று எண்பதுகளில் அமெரிக்க மருத்துவர்கள் நம்பி மாத்திரை கொடுத்தார்கள். இசிஜி அழகாக மாறியது. பிறகுதான் ஒருவர் விடாமல் இறப்புகளை எண்ணிப் பார்க்கும் ‘காஸ்ட்’ ஆய்வு வந்தது. மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். 1991இல் வந்த முழுக் கணக்கு: துடிப்பை அடக்கும் அந்த மாத்திரைகளான என்கெய்னைடு அல்லது ஃபிளெக்கெய்னைடு சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். சராசரியாகப் பத்தே மாதங்களில்! இன்றும் ஒரு மருந்து ஏதோ ஓர் இரத்தப் பரிசோதனை அளவைக் குறைக்கிறது என்று யாராவது பூரித்தால் எனக்கு அந்த 63தான் நினைவுக்கு வரும்.

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம் நோயாளிகள் வேறு’ என்பார்கள். சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் மையம் 1950களிலேயே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியம் எனும் காசநோய் விடுதி மருத்துவமனையிலும் மறு பாதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. ஓய்வும் ஊட்டமான சாப்பாடும்தான் குணப்படுத்தும் என்று உலகமே நம்பிய காலம். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் தேறினார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வந்த அந்த முடிவு உலகக் காசநோய் சிகிச்சையையே புரட்டிப் போட்டது.

ஆனால் மருத்துவர்களுக்கான தொடர் கல்வி என்ற பெயரில் இங்கே நடப்பது என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் என்பது 2002 விதி. நட்சத்திர ஓட்டல் அரங்கில் மதியச் சாப்பாட்டுக்கு முன் தூங்கினாலும் மணிக்கணக்கு ஏறும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் இணைய நூலகம் இந்தியாவில் இலவசமாகத் திறக்கப்பட்டது 2007இல். அதைத் திறந்து ஒரு மணி நேரம் படித்தவருக்கு யார் மதிப்பெண் கொடுக்கிறார்கள்? வட்டார மருத்துவமனையில் நான்கு மருத்துவர்கள் மாதம் ஒரு கட்டுரையைப் பிரித்துப் போட்டுச் சண்டை போடட்டும். அந்த நேரத்தையும் மருத்துவக் கவுன்சில் கணக்கில் சேர்க்கட்டும். பேச்சாளரின் பயணச் செலவை யார் கொடுத்தது என்பதை முதல் ஸ்லைடிலேயே போடச் சொல்லட்டும்.

நோயாளிகளும் கேட்கலாம்: ‘டாக்டர், இந்த மாத்திரையால் எத்தனை பேரில் ஒருவருக்குப் பயன்?’ சில மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.